அந்த ஒரு கேள்விக்கு அவளைப் பதில் சொல்ல விடுங்கள்

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் மாமிமாருக்கும் மாப்பிள்ளைமாருக்கும்,



உங்கள் வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவரும்போது நீங்கள் எவ்வளவு அக்கறையாக வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் இந்த ஊரில் பிறந்து, பிரசவ வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாற்றுக் கைலி, பேரீச்சம்பழம், ஜம்ஜம் தண்ணீர், குழந்தைக்கு வெள்ளைத் துணி என்று எதையும் மறக்காமல் எடுத்து வருகிறீர்கள். ஜவுளிக்கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடிவரும் மாப்பிள்ளைமாரைப் பார்த்திருக்கிறேன். இரவு முழுவதும் தஸ்பீஹ் ஓதிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மாமிமாரைப் பார்த்திருக்கிறேன். அந்த அக்கறையை நம்பித்தான் இதை எழுதுகிறேன். இவ்வளவும் செய்கிற நீங்கள் ஒன்றை மட்டும் செய்யாமல் இருக்க வேண்டும். மிஸ்ஸி அவளிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு, அவளை முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லக் கூடாது.

“கீழே புண், கொப்புளம், எரிச்சல், அரிப்பு ஏதாவது இருக்கிறதா? முன்னால் எப்போதாவது வந்து போயிருக்கிறதா? வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறதா?” இதுதான் அந்தக் கேள்வி. பிறப்புறுப்பில் வரும் ஹெர்பீஸ் என்ற வைரஸ் நோயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்து எழுத எனக்கு மனமில்லை. நம் வீடுகளில் இதைச் சூட்டுக் கொப்புளம் என்பார்கள், அக்கி என்பார்கள், இளநீர் குடித்தால் அடங்கிவிடும் என்பார்கள். சில நாளில் அது தானாகவே ஆறிவிடும். ஆறுவதால் மறந்தும் போகும். ஆனால் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத் தண்டின் அடிப்பக்கத்து நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, வேறொரு சமயம் திரும்பி வருகிறது. அந்தச் சமயம் பிரசவ நேரமாக இருந்தால், பிறந்து வரும் வழியிலேயே குழந்தையைத் தொற்றிக்கொள்ளும்.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊரிலிருந்து மணமுடித்து வந்த சின்னப் பெண், தலைப்பிள்ளை. வலி கண்டு சேர்த்திருந்தார்கள். அவளுக்கு மலாய் தெரியாது, ஆங்கிலமும் தடுமாற்றம். பணியில் இருந்த இளம் மிஸ்ஸி மலாயில் கேட்டார். பக்கத்தில் நின்ற மாமி அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்லவே இல்லை. “தாக் அடா, தாக் அடா” (இல்லை, இல்லை) என்று அவரே முடித்துவிட்டார். அந்தப் பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாரத்தில் ‘இல்லை’ என்று பதிவானது. மாமி அஸர் தொழப் போன பிறகு, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, அதையே நான் தமிழில் கேட்டேன். “ரெண்டு நாளா எரியுது லாத்தா. உக்கார முடியல. மாமிகிட்ட சொன்னா என்ன நெனப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு” என்றாள். விளக்கைத் திருப்பிப் பார்த்தபோது சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக இருந்தன. டாக்டர் வந்து பார்த்தார். வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நலமாக வீடு போனார்கள்.

அந்த மாமி கெட்டவர் இல்லை. மருமகளின் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். தான் சொன்ன அந்த இரண்டு வார்த்தையில் பேரப்பிள்ளையின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சொன்னதில்லை. உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

பச்சைக் குழந்தைக்கு ஹெர்பீஸ் வருவது அரிது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 14,000 குழந்தைகளுக்கு வருவதாக 2017இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. ஆனால் வந்தால் கொடியது. தோல், கண், வாய் என்று மேலோடு நின்றால், உடனே மருந்து கொடுத்துப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மூளைக்குப் போனால் வலிப்பு வரும். பிழைக்கும் பிள்ளைகளிலும் பலர் காலம் முழுவதும் அதன் பாதிப்போடு வாழ வேண்டியிருக்கும். ஈரல், நுரையீரல் என்று உடம்பெங்கும் பரவினால், சிகிச்சை இல்லாத நிலையில் 100 குழந்தைகளில் 85 இறக்கின்றன. அசைக்ளோவிர் என்ற மருந்தை ரத்த நாளம் வழியாக 21 நாள் ஏற்றினாலும், உடம்பெங்கும் பரவிய பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 30 பேரைக் காப்பாற்ற முடிவதில்லை. பிறந்த பிறகு இவ்வளவு பாடுபடுவதைவிட, பிறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டுத் தடுப்பது எவ்வளவு எளிது என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மலேசியாவில் இப்படி எத்தனை குழந்தைகள் என்று கேட்பீர்கள். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சிபிலிஸ் உண்டு, கொனோரியா உண்டு, எச்.ஐ.வி. உண்டு. பிறப்புறுப்பு ஹெர்பீஸ் அந்தப் பட்டியலில் இல்லை. கணக்கில் வரவில்லை என்பதால் நம்மிடையே இல்லை என்று ஆகிவிடாது. சென்னையை நினைத்துப் பாருங்கள். எச்.ஐ.வி. எல்லாம் வெளிநாட்டு நோய், நம் மண்ணில் வராது என்று பலரும் அடித்துச் சொன்ன காலத்தில், 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அங்கேதான் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். தேடிப் பார்த்ததால் தெரிந்தது. தேடாமல் இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் ‘இல்லை’ என்றே சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

“அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் ரத்தத்தில் பார்த்துவிடலாமே, எதற்கு இந்தச் சங்கடமான கேள்வி?” என்று நீங்கள் கேட்பது நியாயம். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) ரத்தம் எடுக்கிறார்கள்தானே? ஹெர்பீஸ் விஷயம் வேறு. ரத்தப் பரிசோதனை காட்டுவது, எப்போதோ இந்த வைரஸ் உடம்புக்குள் வந்தது என்பதற்கான எதிர்ப்புச் சக்தியை மட்டும்தான். இன்றைக்குப் புண் இருக்கிறதா, குழந்தைக்கு ஆபத்து இருக்கிறதா என்று அது சொல்லாது. நோய் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டிவிடும் குறையும் அதில் அதிகம். அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனையைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 2016இல் சொன்னது. 2023இல் மறுபடி ஆராய்ந்தும் அதையே சொன்னது. ஒரு தவறான முடிவு ஒரு குடும்பத்தில் என்னவெல்லாம் செய்துவிடும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வேறு வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவில், ஹெர்பீஸ் வந்திருந்த பெண்களிடம் பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் வாராவாரம் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். பிரசவ நாளன்று வைரஸ் வெளிப்படுமா என்பதை அந்தச் சோதனைகளால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்று 1986இல் ஓர் ஆய்வு காட்டியது. பிறகு அந்த வழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். கடைசியில் நிலைத்து நிற்பது ஒன்றுதான். வலி கண்டு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் கவனமாகக் கேட்பது, நல்ல வெளிச்சத்தில் கவனமாகப் பார்ப்பது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. எரிச்சல், ஊறல் போல முன்னறிகுறி மட்டும் இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது.

ஆகவே இங்கே பரிசோதனை என்பது ஊசியும் குப்பியும் இல்லை, அவளுடைய வாய்ச்சொல்தான். அந்தச் சொல் பொய்யானால் பரிசோதனையே பொய்யாகிவிடும். ரத்தக் குப்பியை யாரும் மாற்றிவைக்க மாட்டோம். ஆனால் அவள் வாயிலிருந்து வர வேண்டிய பதிலை நாம் தினமும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

பதில் உண்மையாக இருந்தால் என்ன செய்ய முடியும் என்றும் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. பிரசவ நேரத்தில் வைரஸ் வெளிப்பட்டுக்கொண்டிருந்த தாய்மாரில், இயல்பான வழியில் பிறந்த 117 குழந்தைகளில் 9 பேருக்குத் தொற்றியது. அறுவையில் பிறந்த 85 பேரில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் தொற்றியது. ஏற்கெனவே ஹெர்பீஸ் வந்துபோன பெண் அதை முன்கூட்டியே சொன்னால், 36 வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மாத்திரை கொடுப்பார்கள். பிரசவ நாளில் புண் வராமல் இருக்க அது உதவும், அறுவைக்கான தேவையும் குறையும். இந்த மருந்தை உருவாக்கிய குழுவில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இருக்கிறது. சொல்வதற்கு மட்டும் இடமில்லாமல் செய்துவிட்டோம்.

“உண்மையைச் சொன்னால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள்” என்ற பயம் மாமிமாரிடம் உண்டு. சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருக்கும் உங்கள் மனசு எனக்குப் புரியும். முன்பு எப்போதோ வந்திருந்தது என்பதற்காக மட்டும் யாரும் அறுவை செய்வதில்லை. பிரசவ நேரத்தில் புண்ணோ முன்னறிகுறியோ இருந்தால்தான் அந்தப் பேச்சு வரும், அல்லது கடைசி மூன்று மாதத்தில் முதன்முதலாக வந்திருந்தால் வரும். எதுவும் இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்குத்தான் விடுவார்கள். மார்பில் புண் இல்லாதவரை தாய்ப்பாலும் கொடுக்கலாம். மறைத்தால் அறுவை தவிரும் என்று நினைக்காதீர்கள். முன்கூட்டியே சொல்வதுதான் அறுவையைத் தவிர்க்க நல்ல வழி.

இப்போது மாப்பிள்ளைமாரிடம் பேச வேண்டும். தம்பிமாரே, இந்த மடலில் முக்கியமான இடம் இது. தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

எந்தப் பெண்ணுடைய குழந்தைக்கு ஆபத்து அதிகம் தெரியுமா? பல வருடமாக இந்த வைரஸோடு இருக்கும் பெண்ணுக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகி, அது வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அவளுடைய குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. இதுவரை வராமல் இருந்து, பிரசவம் நெருங்கும் நேரத்தில் முதன்முதலாகத் தொற்றினால், அந்த வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை போகிறது. குழந்தைக்குக் கொடுக்க அவளிடம் எதிர்ப்புச் சக்தி இன்னும் உருவாகியிருக்காது. அவளுக்குப் புதிதாக எங்கிருந்து வரும்? பெரும்பாலும் உங்களிடமிருந்துதான் வரும்.

நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. உங்களுக்கே தெரியாமல் உங்களிடம் இருக்கலாம். உலகத்தில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல், அதாவது சுமார் 84 கோடியே 60 லட்சம் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்னது. அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை, அல்லது லேசாக வந்து போகிறது. உதட்டோரம் சிலருக்கு அடிக்கடி கொப்புளம் வருமே, காய்ச்சலில் வந்தது, பல்லி எச்சம் பட்டது என்று சொல்வோமே, அதுவும் இதே குடும்பத்து வைரஸ். சின்ன வயதில் யாரோ முத்தம் கொடுத்ததில் வந்திருக்கும். உதட்டில் இருக்கும் அது, வாய்வழி உறவின்மூலம் மனைவியின் பிறப்புறுப்புக்குப் போகும். ஒரு பாவமும் செய்யாத கணவன், ஒரு பாவமும் செய்யாத மனைவி, இருவருக்கும் இடையில்கூட இது இப்படித்தான் போய்ச் சேர்கிறது.

ஆகவே அவளிடம் கேட்கும் கேள்விக்கு முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள். உங்களுக்குக் கீழே எப்போதாவது கொப்புளம் வந்திருந்தால், அவளுக்கு வந்ததே இல்லையென்றால், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் உறவிலிருந்து விலகியிருங்கள். உதட்டில் கொப்புளம் வரும் வழக்கம் இருந்தால், அந்த மாதங்களில் வாய்வழி உறவு வேண்டாம். மருத்துவ வழிகாட்டுதல்கள் இரண்டையும் தெளிவாகச் சொல்கின்றன. ரமளான் மாதம் முழுவதும் பகலெல்லாம் தன்னை அடக்கிக்கொள்ளத் தெரிந்த ஆணுக்கு, தன் பிள்ளைக்காக இது முடியாத காரியமா? காரணத்தை மனைவியிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் நோய்ப் பிரிவில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது. போய் டாக்டரிடம் பேசுங்கள். மஸ்ஜித் இந்தியாவிலிருந்து ஜாலான் பஹாங் எட்டாத தூரம் இல்லை.

மாமிமாரே, தம்பிமாரே, உங்கள் இருவரிடமும் சேர்த்து ஒன்று கேட்கிறேன். அவள் ‘ஆமாம், வந்திருக்கிறது’ என்று சொன்னால், அந்தப் பதிலை வைத்து அவள் ஒழுக்கத்தை எடை போடாதீர்கள். வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். இன்றைக்குப் புண் வந்தால் இன்றைக்குத் தொற்றியது என்று அர்த்தமில்லை. எந்த வருடம், யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஹெர்பீஸ் தொற்றிய குழந்தைகளின் தாய்மாரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், தங்களுக்கு அந்த நோய் இருந்ததையே அறியாதவர்கள். டாக்டராலேயே சொல்ல முடியாத ஒன்றுக்கு, ஒரு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும் பஞ்சாயத்து வைப்பதும் என்ன நியாயம்? அந்தப் பயம் இருக்கும்வரை எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். அவள் வாய் திறக்காததற்கு விலை கொடுப்பது உங்கள் ரத்தம்தான்.

வெட்கத்தை நம்மால் கடக்க முடியும். நாம் ஏற்கெனவே கடந்திருக்கிறோம். 1998இல் அரசு கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கொண்டுவந்தபோது, “எங்களையா சந்தேகப்படுகிறார்கள்?” என்ற குரல் நம் வீடுகளிலும் கேட்டது. 2001இல் ஜொகூரில் நிக்காஹுக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் என்றார்கள், பிறகு மற்ற மாநிலங்களிலும் வந்தது. அப்போதும் முணுமுணுத்தோம். இன்றைக்கு மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்கள், யாரும் யாரையும் தப்பாக நினைப்பதில்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனம், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்திலேயே முதல் நாடு நாம். நம் உம்மாமார், லாத்தாமார் கை நீட்டி ரத்தம் கொடுத்ததால் கிடைத்த பெருமை அது. எல்லாரிடமும் கேட்டபோது அது யாருக்கும் அவமானமாக இல்லாமல் போனது. இந்தக் கேள்வியையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மிஸ்ஸி இதை உங்கள் வீட்டுப் பெண்ணிடம் மட்டும் கேட்கவில்லை. மலாய்க்காரப் பெண்ணிடமும் சீனப் பெண்ணிடமும் இதையேதான் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரிப் பக்கம் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த கட்டிலுக்குக் கேட்கும்படி கேட்பவர்கள் உண்டு. அவசரத்தில் கேட்காமலே கோடு போடுபவர்களும் உண்டு. அப்படி நடந்தால், தனியாகக் கேட்கச் சொல்லுங்கள், தமிழ் தெரிந்த மிஸ்ஸியை அழைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் ஊரிலிருந்து வந்த மருமகளுக்கு நீங்களே மொழிபெயர்ப்பாளராக நிற்பதைவிட, அந்த நேரத்துக்கு மட்டும் தமிழ் தெரிந்த வேறு யாரையாவது கேட்டு வாங்குங்கள். எவ்வளவு அன்பான மாமியாக இருந்தாலும், மாமியின் வாய் வழியாக எந்த மருமகளாலும் இதைச் சொல்ல முடியாது.

கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செக்அப் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகம் ஹாலில் மேசைமேல் கிடக்கிறது. வருகிற சாச்சி, பெரியம்மா எல்லாரும் புரட்டுகிறார்கள். அட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் நிறம் மாறியிருந்தால், “ஏன் மஞ்சள் ஒட்டியிருக்கு, என்ன கோளாறு?” என்று விசாரணை நடக்கிறது. அதில் என்ன எழுதிவிடுவார்களோ என்ற அச்சத்திலேயே பல பெண்கள் கிளினிக்கில் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் புத்தகம் அவளுக்கும் மருத்துவருக்கும் உரியது. அதை அவள் அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும். கையை நீட்டாமல் இருப்பது நமக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

குழந்தை பிறந்த பிறகும் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. தாயிடம் நோய் இல்லாவிட்டாலும், வந்து பார்ப்பவர்களிடமிருந்து குழந்தைக்குத் தொற்றலாம். உதட்டில் கொப்புளம் இருக்கும் யாரும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், குழந்தையை முத்தமிட வேண்டாம். பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவும் தஹ்னீக் நம் அழகான சுன்னத். அதை விடச் சொல்லவில்லை. பழத்தை மெல்லாமல் சுத்தமான கிண்ணத்தில் மசித்து, கழுவிய விரலால் கொஞ்சமாகத் தடவலாமா என்று உங்கள் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களில் ஒன்று என்று நமக்குக் கற்றுத் தந்தவர்கள் அவர்கள்தான்.

ஏழாம் நாள் முடி இறக்கும்போது தலையைக் கவனியுங்கள். குழந்தை பிறக்கும்போது முதலில் வருவது தலை, அதனால் முதல் கொப்புளம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். நீர் கோத்த சின்னப் புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தால், சவரக்கத்தி பட்டது என்றோ செவ்வாப்பு என்றோ விட்டுவிடாதீர்கள். பல பிள்ளைகளுக்குக் கொப்புளமே தெரியாமலும் போகும். முதல் சில வாரங்களில் குழந்தை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், காய்ச்சல் அடித்தால் அல்லது உடம்பு சில்லிட்டுப் போனால், கை கால் வெட்டி இழுத்தால், உரம் விழுந்தது, கண்ணேறு பட்டது என்று ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். ஓதிப் பாருங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஓதுங்கள். அங்கே போனதும், தாய்க்கோ தகப்பனுக்கோ கொப்புளம் வந்ததுண்டு என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இருந்தால், சோதனை முடிவு வரும் முன்பே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். இந்த நோயில் மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு பிழைப்பு.

ஒருவருடைய குறையை மூடி மறைப்பது நன்மை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அவள் தன் உடம்பைப் பற்றி மிஸ்ஸியிடமும் டாக்டரிடமும் தனியாகச் சொல்வதால் எதுவும் வெளியில் வராது. வார்டில் கேட்டதை வெளியில் சொல்லாமல் இருப்பது எங்கள் தொழிலின் கடமை. அவளுடைய மானம் திரைக்கு உள்ளேயே பத்திரமாக இருக்கும். திரைக்கு வெளியே நீங்கள் பொறுமையாக நின்றால் போதும்.

என் வேண்டுகோள் இவைதான். மாமிமாரே, பிரசவ வார்டில் கேள்வி கேட்கத் தொடங்கும்போது, மிஸ்ஸி சொல்வதற்கு முன்பே நீங்களாக எழுந்து வெளியே போங்கள். போகும்போது மருமகளிடம், “எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லும்மா, நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் அந்த வார்த்தைக்கு எந்த மருந்தும் ஈடில்லை. தம்பிமாரே, எட்டாம் ஒன்பதாம் மாதம்வரை காத்திருக்காதீர்கள். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் மனைவியிடம் இதைப் பேசுங்கள். உங்களுக்கு வந்திருக்கிறதா என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள், பிறகு அவளைக் கேளுங்கள். அடுத்த செக்அப்புக்கு இருவரும் சேர்ந்து போய், 36 வாரத்துக்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். ஜமாஅத்தில் பொறுப்பில் இருக்கும் மாமிமாரும் மாப்பிள்ளைமாரும், திருமணத்துக்கு முந்தைய குர்சுஸ் கஹ்வினில் தமிழில் பேச வாய்ப்பு வரும்போது, எச்.ஐ.வி.யைப் பற்றிப் பேசுவதுபோல இதைப் பற்றியும் பேச ஏற்பாடு செய்யுங்கள்.

பிரசவ வார்டுக்கு வரும் அடுத்த பெண் உங்கள் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். அவளிடம் அந்தக் கேள்வி கேட்கப்படும்போது, உண்மையைச் சொல்லும் துணிச்சலை அவளுக்கு வீட்டிலேயே கொடுத்து அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் வட்டாரத்துப் பழைய மிஸ்ஸி ஒருத்தி